காதுக்கு ஒரு துணை



மூக்குக் கண்ணாடி போட்டவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா? இல்லை. கண் மங்கியது, கண்ணாடி போட்டார், அவ்வளவுதான். ஆனால் காதில் கருவி மாட்டியவரை எப்படிப் பார்க்கிறோம்? "டமாரச் செவிடு" என்று கேலி பேசுகிறோம். இந்தக் கேலிக்குப் பயந்தே பலர் கருவி இருந்தும் அதை மாட்டுவதில்லை. அந்தக் கருவியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வயது ஏற ஏறப் பலருக்குக் காது மந்தமாகிறது. ஏன்? நம் காதின் உள்ளே நத்தை வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. அதில் மிக நுண்ணிய மயிர் போன்ற அணுக்கள் உண்டு. அவைதான் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. முதுமையில் அவை அழிகின்றன. தறி, இயந்திரம், வெடி என்று பெரும் சத்தத்தில் பல ஆண்டு வேலை செய்தாலும் அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

முதலில் மெல்லிய, கீச்சென்ற ஓசைகள் கேட்காமல் போகும். அதனால் பெரியவர்கள், "சத்தம் கேட்கிறது. சொல்தான் புரியவில்லை" என்பார்கள். டாக்டர் "காலையில் ஒரு மாத்திரை" என்கிறார். அது "மாலையில்" என்று காதில் விழுந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு துன்பமும் உண்டு. பேச்சு புரியாதவர் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடுகிறார். கல்யாணத்துக்குப் போவதில்லை. வீட்டுப் பேச்சில் கலப்பதில்லை. காது மந்தத்தைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன.

பழைய கருவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் ஒரு பெட்டி. அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அது எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும். பேச்சும் பெரிதாகும். பாத்திரம் விழும் சத்தமும் பெரிதாகும். தலைவலிதான் மிச்சம்.

இப்போது டிஜிட்டல் கருவி வந்திருக்கிறது. காதின் பின்னால் அடங்கிவிடும். அதற்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. உங்களுக்கு எந்த ஓசை குறைவாகக் கேட்கிறதோ, அந்த ஓசையை அது கூடுதலாகப் பெருக்கும். இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒருவருக்கு அமைத்த கருவி மற்றவருக்குப் பொருந்தாது. ஆகவே சோதனை செய்யாமல் கடையிலோ சந்தையிலோ வாங்காதீர்கள்.

முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள். அழுக்கு அடைத்திருக்கலாம். சீழ் இருக்கலாம். அதைச் சரி செய்தாலே கேட்கக்கூடும். திடீரென்று ஒரு நாளில் காது அடைத்துக் கேட்காமல் போனால், அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். அதன்பின் கேட்கும் திறனை அளந்து, அதற்கேற்பக் கருவியை அமைப்பார்கள். காதுக்கு அச்சும் எடுப்பார்கள்.

விலை அதிகமாயிற்றே என்கிறீர்களா? அரசு உதவி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைக் கருவி தரும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடக்கிறது. முதியவர்களுக்காக 2017இல் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டம் ஆந்திராவில் நெல்லூரில் தொடங்கியது. 60 வயது நிறைந்த ஏழை முதியவர்களுக்கு இதில் கருவி இலவசம். கான்பூரில் உள்ள 'அலிம்கோ' என்ற அரசு நிறுவனம் முகாம் நடத்தி இவற்றை வழங்குகிறது. ஆதார் அட்டை, வருமானச் சான்று இரண்டையும் எடுத்துப் போங்கள். முதியவர்களுக்கு வழி சொல்ல 14567 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

இது தர்மம் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. காது கேளாமையும் காது மந்தமும் அதில் உண்டு. ஆகவே முகாமில் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். என் காதை அளந்தீர்களா? அச்சு எடுத்தீர்களா? சரியாகக் கேட்காவிட்டால் யாரிடம் வரவேண்டும்?

கருவி வந்ததும் வேலை முடியவில்லை. பழக வேண்டும். முதல் நாள் நம் குரலே நமக்கு வேறாகக் கேட்கும். "ஐயோ, வேண்டாம்" என்று கழற்றிப் பரணில் போட்டுவிடாதீர்கள். முதலில் அமைதியான வீட்டில் ஒரு மணி நேரம் மாட்டுங்கள். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிறகு தெருவுக்கும் கடைக்கும் போங்கள். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். 'கீ' என்று விசில் அடித்தால் அச்சு சரியாக உட்காரவில்லை என்று பொருள். குளிக்கும்போது கழற்றுங்கள். பொத்தான் போன்ற பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். கருவி பாதி வேலைதான் செய்யும். மீதி நம் கையில். முகம் தெரியும்படி எதிரே நின்று பேசுங்கள். டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். கத்த வேண்டாம். நிதானமாகச் சொன்னால் போதும். "உனக்குச் சொன்னாலும் புரியாது, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் நன்றாகவே கேட்கும்.

நீங்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள். அந்தக் கல்வியும் ஒரு துணைக் கருவிதான். எந்த மாத்திரை காலையில், எது மாலையில் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டியிடம், தாத்தாவிடம், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசிப் பாருங்கள். காது மந்தமா? டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கருவி பரணில் கிடக்கிறதா? எடுத்துத் துடையுங்கள். புதுப் பேட்டரி போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள். அவர்கள் மீண்டும் நம் பேச்சில் கலக்கட்டும்.