தோண்டிய வீதியின் கடன்

மாசி மாதம் பிறந்துவிட்டால் மாத்தளை நகரில் மக்கள் பேச்செல்லாம் தேரைப் பற்றியதாகவே இருக்கும். முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர வீதிகளில் பவனி வருவது இலங்கைத் தமிழர் பலரும் அறிந்த காட்சி. வடம் பிடிப்போரும் வழிபடுவோரும் மேலே நோக்கி நிற்பார்கள். தரையை நோக்கிக் குனிந்திருப்பவர், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுபவர் ஒருவரே. வீதி எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இளகியிருக்கிறது என்பதை முதலில் அறிபவரும் அவரே. பலரின் வலிமையால் அசையும் தேர், ஒரு முழ அகலமுள்ள இளகிய மண்ணில் சக்கரம் புதைந்தால் நின்றுவிடும்.

நன்றாக இருந்த வீதியில் அந்த ஒரு முழ மண் மட்டும் இளகுவது எதனால்? பெரும்பாலும், யாரோ ஒரு காலத்தில் அவ்விடத்தைத் தோண்டி ஒரு குழாயைப் புதைத்து, பின் சரிவர மூடாமல் போனமையே காரணமாக இருக்கும். தோண்டிய வீதியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வீதியின் கீழே குழாய் புதைக்கும் வழக்கம் பெருகியதற்கு எரிவாயு ஒரு முக்கிய காரணம். இலண்டன் மாநகரில் 1807 ஆம் ஆண்டு பால்மால் வீதியில் எரிவாயு விளக்குகள் ஏற்றிக் காட்டப்பட்டன. 1812 இல் அந்நகருக்கென ஒரு கம்பனியே தோன்றியது. அதன்பின் நகரந்தோறும் வீதிகள் பிளக்கப்பட்டு இரும்புக் குழாய்கள் புதைக்கப்பட்டன. கொழும்பும் இதற்கு விலக்கன்று. புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி என்னும் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. இப்பொழுது இலங்கையின் அடுக்களைகளுக்கு எரிவாயு சிலிண்டர்களிலேயே வருகிறது. அண்டை நாடாகிய இந்தியாவிலோ, நகரங்கள் பலவற்றில் வீடுகளுக்கு எரிவாயு கொண்டு செல்லும் குழாய்கள் வீதிகளின் கீழ்ப் பதிக்கப்பட்டு வருகின்றன. மாத்தளை மாவட்டத்தில் மண்ணுக்குள் செல்பவை பெரும்பாலும் நீர்க்குழாய்களே. குழாயினுள் ஓடுவது நீராயினும் வாயுவாயினும், தோண்டியவருக்குரிய கடன் ஒன்றுதான்.

குழாய் வேண்டாம் என்று எவரும் சொல்வதற்கில்லை. அண்மைய ஆண்டுகளில் மாத்தளை, தம்புள்ளைப் பகுதிகளுக்கான பாரிய நீர் வழங்கல் திட்டங்கள் நிறைவேற்றப்பட்டமைக்கு மக்களின் தேவையே காரணம். வில்கமுவை போன்ற பகுதிகளில் சிறுநீரக நோயால் பல குடும்பங்கள் துன்புற்றுள்ளன. தூய நீர் அங்கே வசதியன்று, உயிர். ஆனால் நீர் வந்தது என்பதற்காக வீதி கெடவேண்டும் என்பது நியாயமாகாது. ஒரு நன்மையைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொள்வது கொடையாகுமா?

மாத்தளை வீதிகளுக்கு மக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது. 1848 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய வீதிச் சட்டம், ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்று விதித்தது. அச்சட்டமும் பிற வரிகளும் மூட்டிய கோபமே அவ்வாண்டு மாத்தளைக் கிளர்ச்சியாக வெடித்தது. கொங்காலேகொட பண்டாவும் வீர புரன் அப்புவும் வரலாற்றில் இடம்பெற்றது அதனாலேயே. அதே நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 2023 ஆம் ஆண்டு, அவ்வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே வந்தனர். இத்தகைய வீதியைத் தோண்டுவோர், பலருடைய வியர்வையின் மீது மண்வெட்டி வைக்கிறோம் என்று உணர்தல் வேண்டும்.

இனி, மூடும் முறையைப் பார்ப்போம். ஒரு குழியைத் தோண்டி, எடுத்த மண்ணையே அதனுள் திரும்ப இட்டால் குழி நிரம்பிய பின்னும் மண் மிஞ்சுவதைச் சிறு பிள்ளையும் கண்டிருக்கும். மண் கூடிவிட்டதா? இல்லை. கட்டுக் குலைந்த மண்ணின் இடையிடையே காற்றுப் புகுந்துகொண்டது. அந்தக் காற்றை வெளியேற்றாமல் மேலே தார் பூசினால், மழையும் வாகனமும் அவ்வேலையைத் தாமே செய்துவிடும். மண் அமிழும், தார் வெடிக்கும், பள்ளம் தோன்றும். மிஞ்சிய மண்ணை வீதியின் மேல் மேடாகக் குவித்துவிட்டு, வாகனங்கள் ஓடி ஓடி அமர்த்திவிடும் என்று சொல்வாரும் உளர். சக்கரத்தின் அழுத்தம் மேற்புறத்தை இறுக்குமேயன்றி, ஒரு மீற்றர் ஆழத்தில் உள்ள தளர்ந்த மண்ணை ஒழுங்காக இறுக்காது.

ஆகவே முதல் விதி, படைபடையாக நிரப்புதல். குழாய்க்கு அடியிலும் சுற்றிலும் கல்லற்ற மணல் இடவேண்டும். கூரிய கல் ஒன்று குழாயில் அழுந்திக்கொண்டிருந்தால் ஆண்டுகள் சென்ற பின்னும் அது குழாயைத் துளைக்கக்கூடும். குழாயை ஒட்டிய பகுதியைக் கைக்கருவியால் மெல்ல இறுக்கவேண்டும். பாரமான இயந்திரத்தை அங்கே ஏற்றலாகாது. அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்துக்கு மிகாத படைகளாக மண்ணை இட்டு, ஒவ்வொரு படையையும் இயந்திரத்தால் இடித்து இறுக்கிய பின்னரே அடுத்ததை இடவேண்டும். இடையில், கீழே குழாய் உண்டு என எச்சரிக்கும் நிற நாடா ஒன்றையும் விரித்துவைத்தல் முறை. நாளை மற்றொருவர் அதே இடத்தைத் தோண்டும்போது, மண்வெட்டி குழாயைத் தொடுமுன் நாடாவைத் தொடும்.

இரண்டாவது விதி ஈரத்தைப் பற்றியது. காய்ந்த மண் இடித்தாலும் ஒட்டாது. சேறான மண் இடித்தாலும் இறுகாது. இரண்டுக்கும் நடுவே மண்ணுக்கு ஏற்ற ஈரப் பதம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொறியியலாளராகிய றால்ப் புறொக்டர் என்பவர் மண் அணைகள் கட்டும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது, இப்பதத்தை அளந்தறியும் முறையை 1933 இல் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே அச்சோதனை வழங்குகிறது. வேலைத்தலத்தில் உள்ளவர் கையால் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனையும் உண்டு. ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கிப் பார்க்கவேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது. நீர் கசிந்தால் ஈரம் மிகை. உருண்டையாக நின்றால் ஏறக்குறையப் பதம் சரி. வடகீழ்ப் பருவ மழை பொழியும் மாதங்களில் மாத்தளையின் செம்மண்ணைத் திறந்தபடி வீதியோரம் குவித்துவைத்தால் அது விரைவில் சேறாகிவிடும். தோண்டிய மண்ணை மூடிவைப்பதும், சேறானதை விலக்கி நல்ல சரளை மண்ணைக் கொண்டுவந்து நிரப்புவதும் செலவான காரியங்களே. ஆயினும் அதே வீதியை மூன்று தடவை திருத்துவதிலும் அது மலிவானது.

மூன்றாவது விதி மேற்பரப்பைப் பற்றியது. காபட் இட்ட வீதியைப் பிளக்கும்போது கூரிய ஈட்டியால் குத்திப் பெயர்த்தால் விளிம்பு பல்லும் பள்ளுமாக நிற்கும். வாளியந்திரத்தால் நேர்கோடாக அறுக்கவேண்டும். மூடும்போது, குழியின் அகலத்துக்கு மட்டும் அளவாகத் தார்க்கலவை இடாது, இரு புறத்திலும் அசையாத பழைய நிலத்தின் மேல் சற்றே ஏறி நிற்கும்படி பழைய மேற்பரப்பை அறுத்தெடுத்து இடவேண்டும். அப்பொழுதுதான் பழையதும் புதியதும் கூடும் மூட்டு, குழியின் விளிம்பின் மேல் விழாதிருக்கும். கருங்கல் அடித்தளத்தை முன்னிருந்த தடிப்புக்குக் குறையாமல் அமைத்து, ஒட்டுத்தார் பூசி, மேற்கலவை இட்டு உருளையால் உருட்டி, மூட்டுகளைத் தாரால் அடைத்துவிடவேண்டும். மூட்டு வழியாகப் புகும் நீரே வீதியின் முதற்பகைவன். சரிவான மலைவீதிகளில் இப்பகை இருமடங்கு. நன்கு இறுகாத குழி மண்ணுக்குள் ஒரு கால்வாயாக மாறி, மழைநீரை வீதியின் அடியிலேயே இழுத்துச் செல்லும்.

எரிவாயுக் குழாயானால் விளைவு இன்னும் கொடியது. நிலம் ஒரு புறம் அமிழக் குழாய் வளையும், மூட்டு நெகிழும், கசியும் வாயு இளகிய மண் வழியே நகர்ந்து வடிகாலையோ வீட்டின் அடித்தளத்தையோ அடையும். எப்படிப் பதித்தோம், எங்கே பதித்தோம் என்பதில் கவனமின்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தைவானின் காவோசியுங் நகரம் சான்று. அங்கே 2014 ஆம் ஆண்டு யூலை 31 ஆம் நாள் இரவு வீதிகள் வெடித்துப் பிளந்தன. 32 பேர் மாண்டனர். மண்ணால் சூழப்பட்டிருக்கவேண்டிய வாயுக் குழாய் ஒன்று நிலத்தடி வடிகாலின் உள்ளே குறுக்காகக் கிடந்து, ஈரத்தில் துருப்பிடித்து மெலிந்திருந்தது. மேலே நடமாடிய மக்களுக்கு அது தெரியாது. மூடப்பட்ட வேலையில் உள்ள பிழை, பல ஆண்டுகள் பேசாதிருந்து ஒரே இரவில் பேசிவிடும்.

இதற்குப் பொறுப்பாளர் யார்? இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும், அடுத்த தரத்தன மாகாண நிருவாகத்திடமும், ஊர் வீதிகள் மாநகரசபை, பிரதேச சபைகளிடமும் உள்ளன. குழாய் பதிப்பது வேறொரு நிறுவனம். மண்ணைத் தோண்டுவது அதன் ஒப்பந்தகாரர். கை பலவானால் கடன் எவருடையது என்பது மறைந்துபோதல் எளிது. பிரித்தானியாவில் 1991 ஆம் ஆண்டின் வீதி வேலைகள் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்தது. வீதியைத் தோண்டிய நிறுவனமே அதனை மீட்டமைக்கவேண்டும். தற்காலிகமாக மூடியிருந்தால் ஆறு மாதத்துக்குள் நிரந்தரமாக மூடவேண்டும். மூடிய பின் இரண்டு ஆண்டுகள், ஆழமான குழியாயின் மூன்று ஆண்டுகள், அது அமிழாதிருப்பதற்கு இங்கிலாந்தில் அந்நிறுவனமே பொறுப்பு. சட்டத்தின் உட்பொருள் எளியது. மூடிய நாளில் வேலை முடிவதில்லை. இரண்டு மழைக்காலம் கடந்து வீதி சமமாக நின்றாலே முடிகிறது. ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதியைப் பிழை திருத்தும் காலம் முடியும்வரை பிடித்துவைக்கும் வழக்கத்தின் நோக்கமும் இதுவே. அக்காலம் முடியுமுன் பள்ளத்தைக் கண்ட ஊரார், நாளும் இடமும் குறித்து எழுத்தில் முறையிடுவார்களாயின், திருத்துவதற்குப் பணமும் இருக்கும், ஆளும் இருப்பார்.

கலைத்ததை முன்போல் அமைக்க முடியுமா என்று ஐயுறுவோர் மாத்தளை மாவட்டத்திலேயே உள்ள நாலந்த கெடிகேயைச் சென்று காண்க. பல்லவர் கட்டடப் பாணியைத் தழுவிய அப்பழைய கற்கோயில், மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தால் நீரில் அமிழும் நிலைக்கு வந்தது. அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த இடத்தில் மீண்டும் நிறுவினர். எந்தக் கல் எங்கே இருந்தது என்று அறியாமல் அதனைச் செய்திருக்க இயலாது. எடுக்கும்போதே, திரும்ப வைக்கும் எண்ணத்தோடு எடுத்தனர். ஆயிரம் ஆண்டு கடந்த கோயிலுக்குக் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கையேனும், நாள்தோறும் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் வீதிக்குக் காட்டலாகாதா?

மூடுதல் வேறு, மூடி மறைத்தல் வேறு. முன்னது மண்ணின் கீழும் நேர்மையாக நடப்பது. பின்னது, கண்ணுக்குத் தெரியும் தாரை மட்டும் கறுப்பாக்கிவிட்டுப் போவது. இரண்டும் முதல் நாளில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை முதலில் காட்டுவது மழை. அடுத்துக் காட்டுவது இரவில் வரும் முச்சக்கர வண்டியின் சில்லு. பின்னர், கைத்தடி ஊன்றி வரும் முதியவரின் கால். வருகின்ற மாசியில் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது, முட்டுக்கட்டை இடுபவர் குனிந்து நோக்கும் தரை எவ்விடத்தும் ஒரே உறுதியாக இருக்குமாயின், குழாய் பதித்தவர் தம் கடனைத் தீர்த்துவிட்டார் என்று கொள்ளலாம்.