முன்மாதிரி இல்லாத பெயர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன், பகலில் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். வாரத்துக்கு ஒரு பெண்ணாவது பெயர் மாற்ற வருவாங்க. கையில் ஆதார், திருமணச் சான்றிதழ். அப்பா இனிஷியலை எடுத்துட்டுப் புருஷன் இனிஷியல் போடணும். புதுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பழைய கையெழுத்தின் மேல் ஒரு கோடு போடுவேன். மனைவியின் பெயர் வேண்டும் என்று இதுவரை ஒரு ஆண்கூட என் கவுண்டருக்கு வந்ததில்லை. அந்தக் கோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜப்பானில் நடந்த ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

மசயோஷி சோன் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1981இல் சாஃப்ட்பேங்க் நிறுவனத்தைத் தொடங்கியவர். பெரும் முதலாளி. முதலாளிக்குக் கொடி பிடிக்க நான் வரலை. அவர் பணத்தை விட்டுவிடுங்கள், பெயரை மட்டும் பாருங்கள். 1957இல் ஜப்பானின் சாகா மாகாணத்தில், தோசு நகரில், ஏழைக் கொரியர்கள் வாழ்ந்த குடியிருப்பில் பிறந்தவர். குடும்பத்தின் சொந்தப் பெயர் சோன். வெளியே புழங்கிய பெயர் யசுமோட்டோ. அது ஜப்பானியப் பெயர். ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு பெயர்?

1910இலிருந்து 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. 1940இல் காலனி அரசு ஒரு ஆணையை நடைமுறைப்படுத்தியது. கொரியர்கள் ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் பதிய வேண்டும். ஆறு மாதம் கெடு. அந்நியப் பெயர் வைத்துக்கொள்வது காகிதத்தில் அவரவர் விருப்பம். நடப்பில் போலீசிலிருந்து பள்ளிக்கூடம் வரை நெருக்கடி. கெடு முடிவதற்குள் ஏறக்குறைய 80 சதவீதக் குடும்பங்கள் பெயரை மாற்றிப் பதிந்தன. 'விருப்பம்' என்ற சொல்லை அதிகாரம் எப்படிப் பயன்படுத்தும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர் முடிந்தது. ஜப்பானிலேயே தங்கிவிட்ட கொரியர்களின் ஜப்பானியக் குடியுரிமை 1952இல் போனது. அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளும் சட்டப்படி அந்நியர்கள். வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் கொரியப் பெயர் தடை. ஆகவே எஜமான் திணித்த பெயரையே மறைவிடமாக வைத்துக்கொண்டு பல குடும்பங்கள் வாழ்ந்தன.

குடியுரிமை கேட்டால்? 1980களின் நடுப்பகுதி வரை, ஜப்பானியப் பாணிப் பெயரோடு வா என்பதுதான் அதிகாரிகள் சொன்ன வழி. பிறகு விதி தளர்ந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த மனசு தளரவில்லை.

அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய சோன், சொந்தப் பெயரில்தான் தொழில் செய்வேன் என்றார். உறவினர்களே தடுத்தார்களாம்: இந்தப் பெயருக்கு எந்த வங்கிடா கடன் கொடுக்கும்? வங்கிக்காரனாகிய எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் சோன் என்றே இருப்பேன் என்றார். அதிகாரிகள் சொன்ன பதில்: அப்படி ஒரு குடும்பப் பெயரோடு ஜப்பானியர் யாரும் இல்லை, முன்மாதிரி இல்லை. அந்தப் பெயரை எழுதும் எழுத்துக்கு ஜப்பானிய மொழியில் பேரப்பிள்ளை என்று பொருள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியில் எழுதிப் பழகும் எழுத்து. எழுத்தில் என்ன குற்றம்? அதைச் சுமந்து வந்த ஆள்தான் குற்றம்.

இங்கேதான் அவருடைய மனைவி வருகிறார். அவர் பிறப்பால் ஜப்பானியர். அந்நியரை மணக்கிற ஜப்பானியருக்குக் குடும்பப் பெயர் தானாக மாறாது. 1985 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் துணைவரின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் குடும்ப நீதிமன்றம் போகணும். அவர் நீதிமன்றம் போனார். தன் குடும்பப் பெயரைச் சோன் என்று மாற்றிக்கொண்டார். இப்போது அந்தப் பெயரில் ஒரு ஜப்பானியர் இருக்கிறார். இதோ முன்மாதிரி! 1990இல் சோன், சோன் என்ற பெயரிலேயே ஜப்பானியக் குடிமகன் ஆனார்.

கைதட்டிவிட்டு எழுந்து போகிற கதையா இது? கொஞ்சம் பொறுங்க.

கொரியாவில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைத்தான் வைத்திருப்பாள். புருஷன் பெயரை எடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஜப்பானில் தலைகீழ். சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவுப்படி தம்பதிக்கு ஒரே பெயர்தான்; யார் பெயராகவும் இருக்கலாம் என்கிறது சட்டம், ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேரில் தன் பெயரை விடுவது மனைவிதான். பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2015இலும் 2021இலும் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, ஒரு கொரியப் பெயர் தப்பித்தது கொரிய வழக்கத்தால் அல்ல. பெண்ணின் பெயரை அழிக்கிற பழக்கத்தின் முதுகில் ஏறித்தான் அது உள்ளே நுழைந்தது. கணவரின் முழுப் பெயர் உலகத்துக்குத் தெரியும். நானும் இவ்வளவு நேரமாக 'மனைவி', 'மனைவி' என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

ஆனாலும் இந்தப் பெயர்மாற்றத்தை என் கவுண்டரில் நடக்கும் மாற்றத்தோடு ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரலை. காரணம் அந்தப் பதிவேடு. ஜப்பானில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் 'கோசெகி' என்ற குடும்பப் பதிவேட்டில் ஏறும். அங்கே தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட புராக்கு மக்களுக்கு 1871இல் விடுதலை ஆணை வந்தது. மறுவருஷப் பதிவேட்டிலேயே பல இடங்களில் 'புதுக் குடிமக்கள்' என்று எழுதி அவர்களை அடையாளம் காட்டினார்கள். அந்தப் பழைய ஏட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று மூடியது 1968இல்தான். மூடினாலும் சாதிப் பசி அடங்கலை. புராக்கு ஊர்ப் பெயர்களின் பட்டியல் நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது 1975இல் அம்பலமானது. அப்படிப்பட்ட ஏட்டில், ஒளித்து வைக்க எதுவுமில்லாத ஒரு பெண், சமூகம் கீழே வைத்திருந்த பெயரைத் தன் மேல் தானே எழுதிக்கொள்கிறார். இது வெறும் புருஷன் பெயர் இல்லை தோழர்களே. அவமானத்தில் பங்கு கேட்பது.

பணக்காரனுக்குத்தான் இது முடியும் என்பீர்கள். 1980களிலேயே, ஜப்பானியப் பெயரோடு குடியுரிமை வாங்கிய சாதாரணக் கொரியர்கள் நீதிமன்றம் ஏறி இறங்கிக் கொரியப் பெயரை மீட்டிருக்கிறார்கள். வழியைத் திறந்தவர்கள் அவர்களும்தான்.

நம்ம பக்கம் வருவோம். சாதி மறுப்புத் திருமணம் என்று மேடையில் பாராட்டுகிறோம். தலித் இளைஞன் மேல்சாதிப் பெண்ணைக் கட்டினால் 'பையன் மேலே வந்துட்டான்' என்கிறான் ஊர்க்காரன். பிறகு என்ன நடக்குது? நகரத்தில் வாடகை வீடு கேட்கும்போது யாருடைய உறவைச் சொல்கிறார்கள், யாருடைய ஊரை மறைக்கிறார்கள்? யார் வீட்டுச் சாப்பாடு, யார் வீட்டுச் சாமி பிள்ளைகளுக்குப் போகிறது? இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கத்தை மறைத்தால் அதற்குப் பெயர் சாதி ஒழிப்பா?

பெண் தன் பெயரை இழக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒடுக்கப்பட்டவனைத் தனியாகக் கவுண்டரில் நிற்க வைத்து 'உனக்கு முன்மாதிரி எங்கே' என்று கேட்கும்போது, 'நான் இருக்கேன்' என்று பக்கத்தில் வந்து நிற்க மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் தயார்?

நாளைக்குக் காலையில் யாராவது இனிஷியல் மாற்ற வருவாங்க. வழக்கம்போல் கோடு போடுவேன். இந்தக் கேள்வி அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும். நீங்கள் பேசுங்கள், கேட்கிறேன்.