கள்ளத்தோணியும் புதுத்தோணியும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் கொட்டாஞ்சேனையில் கூடியபோது, எமது நிதியத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கிடைப்பதே ஒரு லீவு நாள். அதையும் விட்டுட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறோம். கடல் வழியாக வெளிநாடு அனுப்புகிறோம் என்று சொல்லித் திரிகிற ஆட்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

'கள்ளத்தோணி' என்ற சொல்லைக் கேட்காதவர் நம்மில் யார்? நமது பாட்டன் பூட்டன் பலர் மண்டபம் முகாமில் வைத்தியச் சோதனை முடித்து, பெயர் பதிந்து, துண்டு வாங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறியவர்கள். கங்காணியின் கணக்கில் ஒவ்வொரு தலையும் எழுதப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. 1952ல் தென்னிந்தியாவிலிருந்து களவாய் வருவோரைப் பிடிக்க இராணுவம் 'ஒப்பரேஷன் மொன்டி' என்று தொடங்கியது. 1963ல் அதற்கென்றே தனிப் படையணி அமைத்து 1981 வரை வைத்திருந்தார்கள். தோணியில் வந்தவர்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பத்துப் பேர் வந்ததற்கு முழுத் தோட்டத்துக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பேரைச் சுமந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் இப்போது இந்தப் பக்கமிருந்து தோணி ஏறச் சொல்லுறாங்க.

ஏன் மனசு போகிறது என்பது நமக்குத் தெரியும். தோட்டத்துக் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது 2021ல். 1,350 ஆனது 2024ல். இடையில் 2022ல் அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின ஏற்றம் யாருக்கும் மறக்காது. வெள்ளவத்தைப் புடவைக் கடையிலோ கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையிலோ நாள் முழுக்க நிற்கிற பையனிடம் ஒருவன் வந்து, "கனடா, தம்பி. பாதிக் காசு இப்ப, மீதி போய்ச் சேர்ந்த பிறகு" என்றால் காது கொடுக்கத்தானே செய்வான்? அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. சீட்டுக் காசு போகிறது. லொட்ஜில் இரு, நாளைக்கு வண்டி வரும் என்பார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று வாரம் போகும்.

2022 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். 'லேடி ஆர்3' என்ற கப்பலில் நம் நாட்டவர் 303 பேர். மியன்மாரிலிருந்து புறப்பட்ட பயணம். வியட்நாமுக்கு அப்பால் நடுக்கடலில் கப்பலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வழியால் போன 'ஹீலியோஸ் லீடர்' என்ற ஜப்பான் கப்பல் அவர்களை ஏற்றி வியட்நாமில் வுங் டாவ் துறைமுகத்தில் இறக்கியது. அந்தக் கப்பல் வராவிட்டால்? 303 பேரிடமும் காசு வாங்கியவர்கள் அந்தக் கப்பலில் இருந்தார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவுஸ்திரேலியாக் கதை வேறு. 2012ல் இங்கிருந்து 6,000 பேருக்கு மேல் படகில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்துக் கதையைத்தான் ஏஜென்ட் இன்னும் விற்கிறான். 2013 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டுக் கடற்படையும் எல்லைக் காவலரும் படகை மறித்துத் திருப்புகிறார்கள். நமது கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களும் கொடுத்தார்கள். 2014 ஜூலையில் 41 பேரை நடுக்கடலிலேயே நமது கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர். காலி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். தமிழனுக்கு மட்டும் விரித்த வலை இல்லை இது.

அனுமதி பெற்ற துறைமுகம், விமான நிலையம் தவிர வேறு வழியால் நாட்டை விட்டுப் போவது 1948ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டப்படி குற்றம். ஆள் சேர்த்து அனுப்புகிறவனுக்கு 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனியாகத் தண்டனை உண்டு. ஆனாலும் கடலில் பிடிபடுவது படகில் இருப்பவன். காசை எண்ணினவன் கரையில் நிற்கிறான். கடல் படம் போட்டு "வராதே" என்று விளம்பரம் செய்தவர்கள், அந்தக் கரையில் நிற்பவனைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் வேறு. அவனுக்குப் புகலிடம் கேட்கும் உரிமை உண்டு. அவனைக் கேட்காமலே திருப்பி அனுப்புவதை நாம் சரியென்று சொல்ல மாட்டோம். நாம் பேசுவது, வேலை தேடிப்போய் ஏமாறுகிற நம் பிள்ளைகளைப் பற்றி.

வெளிநாட்டு வேலைக்கென்று யாராவது வந்தால் முதலில் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த இலக்கம் உண்மைதானா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதோடு பேச்சு முடிந்தது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் வெட்கப்பட வேண்டாம். பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, போனில் வந்த செய்தி, எது இருந்தாலும் அழிக்காமல் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் நாங்கள் இருப்போம். முறைப்பாட்டை எழுதித் தருகிறோம்.