கோயம்பேடு விலையும் தள்ளுவண்டி விலையும்

கோயம்பேடு போய்க் காய்கறி வாங்கினா நிஜமாவே லாபமா? இன்னைக்கு இதைத்தான் பேசப்போறேன்.

1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து இங்கே மாறி வந்த சந்தை. 3,000க்கு மேல கடைகள். நாசிக் வெங்காயம், கர்நாடகா, ஆந்திரா தக்காளின்னு ராத்திரியே லாரிகள் வந்துடும். விடியறதுக்கு முன்னாடியே தெருவியாபாரிகள் வாங்கிட்டுக் கிளம்பிடுவாங்க. நாம ஆறு மணிக்குப் போய், சீக்கிரம் வந்துட்டோம்னு நினைச்சுக்குவோம்!

விலை குறைவுதான், சந்தேகமே இல்லை. ஆனா அது பெட்டிக்கு, மூட்டைக்குச் சொல்ற விலை. எங்க அபார்ட்மென்ட்ல நாலு வீடு சேர்ந்து ஒரு பெட்டி தக்காளி எடுப்போம். வீட்டுக்கு வந்து பிரிச்சா, அடியில நசுங்கினது யார் பங்குன்னு பஞ்சாயத்து. எக்செல்ல கணக்கு போட்டும் தீரல.

எங்க தெருவுல தள்ளுவண்டி போடுற அக்காவும் அதே பெட்டியைத்தான் வாங்குறாங்க. ஏத்துகூலி, வண்டி வாடகை, நசுங்கினது, சாயங்காலம் மீந்தது எல்லாம் அவங்க ஒருத்தர் தலையில. கிலோவுக்கு அவங்க கூட வைக்கிற காசு இதுக்கெல்லாம்தான். போன மாசம் கேட்டாங்க, "என்ன தம்பி, இப்பல்லாம் வண்டிப் பக்கமே வர்றதில்லை?"

நாலு வீடும் பேசி முடிவு பண்ணோம். வாரக்கணக்குல தாங்குற வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு மட்டும் கோயம்பேட்டில். தக்காளி, கீரை, கொத்தமல்லி அக்காகிட்ட. பேரம் பேசாம.