கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில், திரைப்படங்களையும் இசைத்தட்டுகளையும் பற்றி ஆற்றிய உரை.)



படங்களைப் பற்றிப் பேசுங்கள், பாட்டுகளைப் பற்றியும் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் பணித்திருக்கின்றனர். விலைவாசியைப் பற்றியும் வரிச்சுமையைப் பற்றியும் பேசிப் பழகிய வாய்க்கு இது சற்றே புதிய வேலை. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. ஏனெனில், பொதுக்கூட்டத்திற்கு வராத மனிதனும் படம் பார்க்கிறான். துண்டறிக்கையை மடித்துக் காது குடைகிறவனும் பாட்டுக் கேட்கிறான். அவன் உள்ளத்திற்குள் நாள்தோறும் நுழைந்து வெளிவரும் ஒன்றைப் பற்றி நாம் பேசாதிருந்தால், பேச வேறு என்ன இருக்கிறது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கூறப்போவன யாவும் என் சொந்தக் கருத்துகள். செயற்குழு கூடி நிறைவேற்றிய தீர்மானங்கள் அல்ல. மறுத்துப் பேச விரும்பும் தோழர்கள் தாராளமாக மறுக்கலாம்.

நம்மிடையே ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. திரையில் நம் கொள்கையை ஒருவன் முழங்கினால் கைதட்டுகிறோம். முழங்காவிட்டால், "இதில் என்ன இருக்கிறது?" என்று எழுந்து போகிறோம். கொள்கை நம்முடையது என்பதற்காக வேகாத சோற்றைப் பந்தியில் பரிமாறலாமா? பசித்தவன் முகம் சுளிக்கமாட்டானா? சுளித்த முகத்தோடு அவன் போகும்போது, சோற்றை மட்டுமா வெறுப்பான்? சமைத்தவர்களையும் சேர்த்தன்றோ வெறுப்பான்! இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று படங்களையும் மூன்று இசைத்தொகுப்புகளையும் பார்ப்போம். பிறகு நம் வீட்டுக்கு வருவோம்.

இயந்திரம் பேசியது, மனிதன் பேசவில்லை

சார்லி சாப்ளின் 1936இல் வெளியிட்ட 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரை பேசத் தொடங்கிப் பத்தாண்டுகள் நெருங்கிவிட்ட காலம் அது. மற்றவர்கள் எல்லாரும் பேசும் படம் எடுக்க, அவர் மட்டும் பெரும்பாலும் பேசாத படம் எடுத்தார். பிடிவாதம் என்றார்கள். பிடிவாதமா அது? கவனித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் குரல் உண்டு. முதலாளியின் குரல் சுவரில் உள்ள திரையிலிருந்து வருகிறது, விற்பனைக்காரனின் குரல் இசைத்தட்டிலிருந்து வருகிறது, வானொலி பேசுகிறது. தொழிலாளிக்குத்தான் குரல் இல்லை! கழிவறையில் ஒரு நிமிடம் புகைபிடிக்க ஒதுங்கினாலும் முதலாளியின் முகம் சுவரில் தோன்றி, வேலைக்குப் போ என்று விரட்டுகிறது. அதிகாரத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம்; அந்த ஒரு காட்சி செய்யும் வேலையை அவை செய்யுமா என்பது ஐயமே.

கடைசியில் அந்த நாடோடி பாட எழுந்திருக்கிறான். பாட்டின் வரிகளை எழுதி வைத்திருந்த சட்டைக்கை பறந்துபோகிறது. எம்மொழியும் அல்லாத ஏதோ ஒரு மொழியில் பாடி ஆடுகிறான், மக்கள் சிரிக்கிறார்கள். சாப்ளினின் நாடோடியின் குரலை உலகம் கேட்டது அப்போதுதான். பொருளற்ற அந்தப் பாட்டைப் போல் பொருள் நிறைந்த பாட்டு வேறில்லை என்பேன்.

குறை இல்லையா? உண்டு. முடிவில் இருவர் கைகோத்துத் தனியே சாலையில் நடந்து போகிறார்கள். எங்கே போகிறார்கள்? தொழிற்சாலையில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்? படம் சொல்லவில்லை. நோயைக் காட்டிய மருத்துவர் மருந்தை எழுதித் தரவில்லை. ஆயினும் நோயை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொருவரைக் காட்டுங்கள், பார்ப்போம்!

வேலைநிறுத்தம் வீட்டுக்குள் வந்தது

அடுத்தது 1954இல் வெளிவந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்'. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர்கள் 1950 முதல் 1952 வரை நடத்திய வேலைநிறுத்தத்தை ஒட்டிய கதை. இயக்கியவர் ஹெர்பர்ட் பைபர்மேன். 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்து, அதற்காகச் சிறை சென்ற ஹாலிவுட்டின் பத்துப் பேரில் ஒருவர். கதாநாயகனாக நடித்தவர் நடிகர் அல்லர். சுரங்கத் தொழிற்சங்கத்தின் தலைவர் ஹுவான் சக்கோன். கூட நடித்தவர்களுள் பலரும் அந்தச் சுரங்கத்து மக்களே.

மனம் திறந்து சொல்கிறேன், படத்தில் சில இடங்கள் மரக்கட்டைபோல இருக்கின்றன. உரையாடல் சில இடங்களில் துண்டறிக்கையாகிவிடுகிறது. ஆனால் ஓர் உண்மையை அது துணிந்து சொல்கிறது. வெந்நீர் வசதி வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று பெண்கள் கேட்கிறார்கள். ஆண்களோ, அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுகிறார்கள். மறியல் செய்யச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நீதிமன்றம் தடை விதிக்கிறது. பெண்கள் சுரங்கத் தொழிலாளர்கள் அல்லரே! தடையாணை அவர்களைக் கட்டுப்படுத்தாதே! பெண்கள் மறியலில் நிற்கிறார்கள். ஆண்கள் வீட்டில் விறகு வெட்டுகிறார்கள், துணி துவைக்கிறார்கள். அப்போதுதான் அந்த வீரர்களுக்குத் தெரிகிறது, வெந்நீர்க் கோரிக்கை ஏன் கோரிக்கை என்று!

தோழர்களே, இங்கே நீங்கள் கைதட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நம் கூட்டங்களில் தாய்மார்கள் எத்தனை பேர் மேடையில் அமர்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

இந்தப் படத்துக்கு நேர்ந்த கதி என்ன? கதாநாயகியாக நடித்த மெக்சிகோ நடிகை ரோசௌரா ரெவுவெல்தாஸ் படப்பிடிப்பு முடியுமுன்பே கைது செய்யப்பட்டு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். படம் ஓட்டும் தொழிலாளர்களின் சங்கமே அதைத் திரையிட மறுத்தது. அந்நாளில் அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ ஒரு டஜன் அரங்குகளே அதற்குக் கதவு திறந்தன. தொழிலாளியின் படத்தைத் தொழிலாளியின் கையைக் கொண்டே மூடினார்கள். பின்னர் 1992இல், பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் அதே நாடு அதைச் சேர்த்துக்கொண்டது.

இருபக்கத்துப் பிணங்களுக்கும் ஒரே இசை

மூன்றாவது, இத்தாலியரான ஜில்லோ பொன்டெகோர்வோ 1966இல் எடுத்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்'. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரிய மக்கள் நடத்திய விடுதலைப் போரின் கதை. போராட்டத் தலைவர்களுள் ஒருவரான சாதி யாசெஃப், ஏறத்தாழ தம் வேடத்தையே தாம் ஏற்று நடித்தார். செய்திப்படம் போலவே தோன்றும். ஆனால் ஓர் அடிகூடச் செய்திப்படச் சுருள் அதில் இல்லை.

எனக்குப் பிடித்த படங்களின் வரிசையில் இதற்கே முதலிடம். காரணம், அதன் நேர்மை. படம் யார் பக்கம் என்பதில் ஐயமே இல்லை, அடிமைப்பட்டவர் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு அது பொய் சொல்லவில்லை. மூன்று பெண்கள் குண்டுகளை எடுத்துச் செல்கிறார்கள். வெடிப்பதற்கு முன், அந்த உணவகத்தில் இருப்போரின் முகங்களைப் படம் நமக்குக் காட்டுகிறது. பனிக்கூழ் தின்னும் குழந்தையையும் காட்டுகிறது. அல்ஜீரியர் குடியிருப்பில் குண்டு வெடித்து மடிந்தோருக்கு ஒலித்த அதே துயர இசை, ஐரோப்பியப் பிணங்களுக்கும் ஒலிக்கிறது. இசையமைத்தவர்கள் என்னியோ மோரிக்கோனேயும் இயக்குநரும்.

"எதிரிக்கு ஏன் இந்த இரக்கம்?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். இது எதிரிக்குக் காட்டிய இரக்கம் அன்று, தம்பி; பார்ப்பவனுக்குக் காட்டிய மதிப்பு. விடுதலைக்கு என்ன விலை என்பதை மறைக்காமல் சொன்னவனையே மக்கள் நம்புவார்கள். சித்திரவதை செய்யும் படைத்தலைவனைக்கூட மீசை முறுக்கும் வில்லனாக அது காட்டவில்லை. அறிவாளி, நாகரிகமானவன் என்றே காட்டுகிறது. அதனால்தானே அவன் செய்யும் கொடுமை நம்மை நடுங்க வைக்கிறது! அந்த வேடம் ஏற்ற ஜான் மார்த்தான், அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960இல் பிரெஞ்சு அறிவாளர் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர். நம் மேடை நாடகங்களில் வரும் வில்லன்களை எண்ணிப் பாருங்கள். அப்படி ஒரு பண்ணையார் உண்மையில் இருந்தால், அவரை வீழ்த்த ஓர் இயக்கமா வேண்டும்?

தட்டுகளின் கதை

இனி இசைக்கு வருவோம். 'ஆல்பம்' என்கிறோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது? பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும். ஆகவே பல தட்டுகளை உறைகளில் இட்டு, நிழற்படத் தொகுப்பைப் போலக் கட்டி விற்றார்கள். பெயர் நின்றுவிட்டது; கட்டு போய்விட்டது.

அப்படிக் கட்டாக வந்தவற்றில் ஒன்று, 1940இல் வெளியான வுடி கத்ரியின் 'டஸ்ட் பௌல் பாலட்ஸ்'. புழுதிப்புயல் வயல்களைப் பாழாக்க, கடன்காரர்கள் நிலத்தைப் பறிக்க, மேற்கே பிழைப்புத் தேடிப் போன உழவர்களின் பாட்டு. ஒரு குரல், ஒரு கிதார், ஒரு வாய் ஆர்மோனிகா. வேறு எதுவும் இல்லை. 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தின் கதையை ஒரே பாட்டாக்கினார் கத்ரி. அது நீண்டுவிட்டதால் தட்டின் இருபுறத்திலும் பதித்தார்கள். நூல் வாங்கவும் படம் பார்க்கவும் காசில்லாத தம் மக்களிடம் பாட்டாகவாவது அந்தக் கதை போய்ச் சேரட்டும் என்பது அவர் எண்ணம். இனிய குரல் அன்று அவருடையது. ஆனால் பசித்தவனின் பாட்டுக்குப் பன்னீர் தெளிக்க வேண்டுமா?

அடுத்தது 1960இன் 'வீ இன்சிஸ்ட்!'. தாளக் கலைஞர் மேக்ஸ் ரோச் அமைத்தது; பாடியவர் ஆபி லிங்கன். அவ்வாண்டு பிப்ரவரியில், கறுப்பின மாணவர் நால்வர் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டும் உரிய உணவு மேடையில் அமர்ந்து எழ மறுத்தார்கள். அந்தக் கிளர்ச்சியையே இத்தொகுப்பின் அட்டைப்படம் நினைவூட்டுகிறது. மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரும் இதில் இசையாகியிருக்கிறது. ஓரிடத்தில் ஆபி லிங்கன் பாடவில்லை, அலறுகிறார். சொல் இல்லை, தாளமும் அலறலும் மட்டுமே. "இது சங்கீதமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் திருப்பிக் கேட்கிறேன்: சவுக்கடிக்கு எந்த இராகம் பொருந்தும், சொல்லுங்கள்! அலறலுக்கு முன்னே வழிபாடு போன்ற ஓர் இசை, பின்னே அமைதி. அந்த ஒழுங்குதான் அலறலைக் கலையாக்குகிறது. வெறும் கூச்சல் எழுப்ப எவராலும் முடியும்.

மூன்றாவது, 1971இல் வந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. காதல் பாட்டுப் பாடிப் பணம் குவித்தவர் போரையும் வறுமையையும் பாடினால் விற்குமா என்ற கவலை. ஆனால் விற்றது! வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சகோதரனின் துயரம் அந்தக் குரலில் இருக்கிறது. ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்தது தொடங்குகிறது. ஒரே மூச்சில் ஒரு மனிதன் தன் தெருவைச் சுற்றிப் பார்ப்பதுபோல. என் குறை ஒன்றுதான்: என்ன நடக்கிறது என்று கேட்கிறாரேயன்றி, யார் நடத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. எனினும் தாழ்ந்த குரலும் நெடுந்தூரம் செல்லும் என்பதை, ஒலிபெருக்கியை நம்பியே வாழும் நமக்கு அது கற்பிக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1960இல் 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. இயக்கியவர் வங்கத்து நிமாய் கோஷ். நாட்டுப் பிரிவினையால் ஏதிலியரானவர்களைப் பற்றி 1950இல் 'சின்னமூல்' எடுத்தவர். இசை எம்.பி. சீனிவாசன். தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். ஜெயகாந்தன் எழுதிய பாட்டும் அதில் உண்டு. பாட்டுகளை மக்கள் மறக்கவில்லை. படமோ ஓடவில்லை. பின்பு 1965இல் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். சேரி மக்களின் வாழ்வு. கனவுக் காட்சி இல்லை, கட்டிப் புரளும் சண்டை இல்லை. தேசிய விருது கிடைத்தது, அரங்குகள் கிடைக்கவில்லை.

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் படத்தை அரசாங்கமும் முதலாளிகளும் சேர்ந்து மூடினார்கள். அல்ஜியர்ஸ் படத்தைப் பிரான்சில் சில ஆண்டுகள் திரைக்கு வரவிடாமல் தடுத்தார்கள். நம் படங்களை மூடியவர் யார்? விநியோகக்காரர் மீது பழி போடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் சீட்டு வாங்காத கை யாருடைய கை? ஊர்வலத்தில் தொழிலாளி வாழ்க என்று உயர்ந்த கை, அரங்கின் வாயிலில் சட்டைப் பைக்குள்ளேயே இருந்துவிட்டதே! தடையை எதிர்த்துப் போராடலாம், தோழர்களே. காலி நாற்காலியை எதிர்த்து எப்படிப் போராடுவது?

இன்று அரங்கு தேடி அலைய வேண்டியதும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் கருவியிலேயே உலகத்துப் படங்களும் பாட்டுகளும் வருகின்றன. ஆனால் தனியே பார்ப்பது வேறு, கூடிப் பார்த்து வாதிடுவது வேறு. ஆகவே இந்தப் படிப்பகத்தாரை ஒன்று வேண்டுகிறேன். மாதத்திற்கு ஒரு மாலை, ஒரு படமோ ஓர் இசைத்தொகுப்போ, எல்லாரும் அமர்ந்து பாருங்கள், கேளுங்கள். முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். ஒருவர் நிறை சொல்லட்டும். ஒருவர் குறை சொல்லட்டும். தாய்மார்கள் முதலில் பேசட்டும்.

அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "இது நம் கொள்கையைச் சொல்கிறதா?" என்பது மட்டும் அன்று. "இது உண்மையைச் சொல்கிறதா? நன்றாகச் சொல்கிறதா?" என்பதே. உண்மையை நன்றாகச் சொல்லும் எதுவும் நமக்குப் பகையாகாது. அப்படிப் பகையாகுமானால், திருத்த வேண்டியது படத்தை அன்று; நம்மைத்தான்.