ஓடை நடுவே நின்ற ஜீப்

உங்கள் காணிக்கையால் இமாசலப் பிரதேச மலைகளுக்கு எங்கள் மருத்துவக் குழு சென்றுவந்ததைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறோம்.

மணாலியிலிருந்து, 2020-இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியே லாகுல் பள்ளத்தாக்கை எளிதாக அடைந்தோம். 1850-களில் மொராவிய மிஷனெரிமார் மலையேறி வந்து, கேலாங்கில் தங்கி ஊழியம் செய்த பள்ளத்தாக்கு அது. பிறகு சந்திரா நதியோரம் கல்லும் சேறுமான பாதை. 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைத் தாண்டி, ஸ்பிதியில் முகாம் நடத்தினோம்.

திரும்பும்போது, தொடையெலும்பு முறிந்த ஒரு மூதாட்டியையும் மணாலிக்கு அழைத்துவந்தோம். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகும், காலையிலேயே கடந்துவிடவேண்டும். அவருக்குச் சிம்பு வைத்துக் கட்டிப் புறப்படத் தாமதமாயிற்று. பிற்பகலில் ஓர் ஓடை நடுவே ஜீப் நின்றது. தண்ணீர் உள்ளே ஏறியது. கண்மூடி ஜெபித்தோம். ஓட்டுநரோ, “ஐயா, இறங்கிக் கல் போடுங்கள்” என்றார். இறங்கினோம். அக்கரையில் நின்ற லாரிக்காரர்கள் நால்வர் இடுப்பளவு குளிர்நீரில் இறங்கி, மூதாட்டியைத் தூக்கிக் கரைசேர்த்தார்கள்; கயிறு கட்டி ஜீப்பையும் இழுத்தார்கள். அவர்கள் நம் சபையார் அல்ல, பௌத்தர்கள். திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரைப்பற்றிப் பல வருஷமாகப் பிரசங்கித்த நாங்கள், அன்றுதான் அப்படிப்பட்டவர்களைக் கண்ணால் கண்டோம்.

செலவை மிச்சப்படுத்த ஒரே வண்டியில் போனது எங்கள் தவறு. அதை உங்களிடம் மறைக்க மனமில்லை. மூதாட்டி அறுவைச் சிகிச்சைக்குப்பின் கைத்தடியூன்றி நடக்கிறார். அடுத்த கோடையில் இரண்டு வண்டிகளாகச் செல்ல, ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.