வளரிளம் பிள்ளைகளின் மனத்துயரும் பெற்றோர் கடமையும்



வெள்ளி விழா மேடையில் பட்டம் பெற்றோர் பட்டியலைப் படிப்பது மகிழ்ச்சிக்குரியது. அப்பட்டியலில் இடம்பெற வேண்டியவர்களாய் இருந்து, இடையில் நாம் இழந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றியும் பேசுவது நம் கடமையாகும்.

2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதாவை இழந்தோம். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள்; பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர்; நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றவர். அத்துணிவை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். ஆனால், அவர் மறைவைத் தியாகம் என்று மேடைதோறும் போற்றுவதை நான் ஏற்பதற்கில்லை. அதே வேதனையில் உழலும் வேறொரு பிள்ளை அவையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடுமல்லவா?

நம் இல்லங்களின் நிலையை நான் அறிவேன். ஆம்பூர், பேரணாம்பட்டுக் காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் விடியலில் ஏறும் தாய், இருட்டிய பின்னரே திரும்புகிறார். மகன் சில வாரங்களாகச் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. ஆசையாய் வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கிறான். "நான் இல்லேன்னா உங்களுக்கு பாரம் கொறையும்" என்கிறான். "பைத்தியம் மாதிரி பேசாதே" என்று அதட்டிவிடுகிறோம். அவனோ உதவி கேட்டிருக்கிறான்.

பக்கத்தில் அமர்ந்து, "ஏன் கண்ணு, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று பிள்ளையின் மனம் இளகும். பிறகு அவனைப் பேச விடுங்கள். "நாங்க படாத பாடா?" என்பது அப்போது வேண்டாம். பள்ளியில் சாதியின் பெயரால் இழிவு நேர்ந்தது என்றால், "பொறுத்துக்கொள்" என்று சொல்லாமல் தலைமையாசிரியரிடம் வந்து கேளுங்கள். தீர்வு இல்லையேல் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள்.

"ஆம்" என்று பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். உயிருக்கு ஊறு செய்யும் மருந்துகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அல்லது பூட்டிவைத்துச் சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்கும். அது கடக்கும்வரை காத்தாலே பல உயிர்கள் பிழைக்கின்றன. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட சினேகா அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் பூச்சிமருந்தைப் பொதுவிடத்தில் பூட்டிவைக்கச் செய்தது இதனால்தான்.

அடுத்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். 'நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்' என்று தயங்குவோர் உண்டு. பிள்ளை இருந்தால்தானே திருமணம்! அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் இயங்கிவருகிறது. குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பது அதன் மரபு. காவல் வழக்கு வருமோ என்ற அச்சமும் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொண்டு, தண்டனையிலிருந்து காக்கிறது. இரவிலும் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழில் பேசலாம். 104 எண்ணும் உண்டு.

இளைஞர்களே, "யார்கிட்டேயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு நண்பன் இதைச் சொன்னால், அச்சத்தியத்தை மீறி அன்றே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, தேர்வு முடிவு வெளியாகும் நாளில், ஒரு நாள் கூலி போனாலும் வீட்டிலிருங்கள். தவறிய பாடத்தை அவ்வாண்டே துணைத் தேர்வில் எழுதலாம். விண்ணப்பம் எழுத, மறுநாள் காலை பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள்.